இல்லாதவன் பங்கு

ஓநாய் பட்டிக்குள் புகுந்துவிட்டுப் போன காலையில், செத்துக் கிடந்த ஆடுகளின் கழுத்தை அனார்குல் பார்க்கவில்லை. காதைத்தான் பார்த்தாள். மூன்று ஆடுகள். மூன்றுக்கும் இடது காது முழுசாக இருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் கணவனிடம். "உங்க துரையோட ஆட்டுல ஒண்ணக்கூடத் தொடல. எது யாரோடதுன்னு ஓநாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்கு."

போலோத் செத்த ஆட்டின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவன் கல்லுளிமங்கன். கோபம் வந்தாலும் பேச மாட்டான், கோபம் போனாலும் பேச மாட்டான். இப்படிப்பட்ட மனுஷனோடு சண்டை போடுவது சுவரில் முட்டிக்கொள்வது மாதிரி, நமக்குத்தான் நெற்றி வீங்கும்.

துரை என்று அவள் சொன்னது போலோத்தின் முதல் மனைவி ஜிபெக்குக்குப் பிறந்த பையனை. அவனுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரை அனார்குல் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. கிர்கிஸ் மலைநாட்டில் நாரின் பக்கத்து மருமகள்கள் மாமனார் பெயரையும் மைத்துனர் பெயரையும் மரியாதைக்காகச் சொல்ல மாட்டார்கள். அனார்குல் இந்தப் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் மரியாதை இல்லை. துரை என்பாள், பட்டணத்து மகாராஜா என்பாள், ரொம்பக் கோபம் வந்தால் காதுவெட்டு என்பாள்.

ஏனென்றால் அந்த ஆடுகளின் இடது காது நுனி பிளந்திருக்கும். குழந்தை பிறந்தால் அப்பன் ஒரு பெட்டை ஆட்டின் காதில் கத்தி வைத்து, இது இவன் பங்கு என்று ஒதுக்கி விடுவான். அந்த ஆடு போடும் குட்டி, குட்டி போடும் குட்டி எல்லாம் பிள்ளைக்குத்தான். பிள்ளை தலையெடுத்துத் தனிக்குடித்தனம் போகும்போது ஓட்டிக்கொண்டு போவான். இது அந்த மலையில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம், இதில் குற்றம் சொல்ல அனார்குல் பைத்தியக்காரி இல்லை. அவளுடைய வயிற்றெரிச்சலெல்லாம், பிள்ளை அங்கே இல்லை என்பதுதான். பையன் பிஷ்கேக் பட்டணத்தில் ஏதோ ஒரு மாடி வீட்டில் அம்மாவோடு இருந்தான். ஆடு என்ன நிறம் என்றுகூட அவனுக்கு ஞாபகம் இருக்காது. அவன் பங்கு மட்டும் இங்கே புல் மேய்ந்து பெருகிக்கொண்டிருந்தது.

பெருகினால்கூடப் போகிறது என்று விட்டிருப்பாள். போன குளிரில் காது பிளந்த ஆடு ஒன்று பனியில் விறைத்துச் செத்தது. போலோத் அன்றைக்கே தங்களுடைய ஆடு ஒன்றைப் பிடித்து, முழங்காலுக்கு நடுவே இடுக்கி, அதன் இடது காதைப் பிளந்தான்.

"இது என்ன நியாயம்?" என்று அனார்குல் கேட்டாள். "அவன் ஆடு செத்தா நம்ம ஆடு அவனுக்குப் போகும். நம்ம ஆடு செத்தா?"

"செத்தா செத்ததுதான்."

"அப்போ அவன் ஆடு மட்டும் சாகவே சாகாதா?"

"அவன் இங்க இருந்து பாத்துக்கிறானா என்ன? நாமதானே பாத்துக்கிறோம். செத்தா அது நம்ம குத்தம்" என்றான் போலோத். அவனைப் பொறுத்தவரை அது பெரிய பேச்சு.

ஜிபெக் அவனை விட்டுப் போனதில் தப்பு யாருடையது என்று கேட்டால், ஊரே போலோத்தைத்தான் காட்டும். அந்தக் காலத்தில் அவன் குடித்தான். கொஞ்சநஞ்சம் இல்லை, குதிரைதான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து போடும். ஒரு நாள் ஜிபெக் நடை பழகிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். அதற்குப் பிறகு போலோத் குடியை விட்டான், உப்புக் கண்டத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு பிஷ்கேக் போனான், ஜிபெக்கின் அண்ணன்மார் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை போனபோது வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். எங்கே குடி மாறினார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இந்தக் கதையிலும் அனார்குலுக்கு ஒரு முள் இருந்தது. மற்ற பெண்கள் "எங்க வீட்டுக்காரரைக் குடியிலேர்ந்து மீட்டது நான்தான்" என்று பெருமை அடித்துக்கொள்கிறார்கள். அவளுக்கு அந்தப் பெருமைகூட இல்லை. அவள் வரும்போதே அவன் குடியை விட்டிருந்தான், அதுவும் அந்தப் பையனுக்காக. நல்ல புருஷன்தான் கிடைத்தான், ஆனால் நல்லவனாக ஆனது இன்னொருத்தி பிள்ளைக்காக. இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

அப்புறம் அந்தப் போன் இருந்தது. கோடையில் மேய்ச்சல் மலைக்கு ஏறிவிட்டால் கூடாரத்தில் சிக்னல் கிடையாது. பின்னால் இருக்கும் மேட்டு உச்சியில் மட்டும் கிடைக்கும். போலோத் அங்கே ஒரு கம்பம் நட்டு, பழைய கம்பளிக் காலுறைக்குள் போனைப் போட்டுத் தொங்கவிட்டிருந்தான். ஜிபெக்குக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான் என்பதால் நம்பரை மாற்றவே இல்லை. தினமும் ஆடுகளைப் பட்டியில் அடைத்ததும் மேட்டில் ஏறி, காலுறையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு இறங்குவான். சாப்பாடு ஆறிப்போகும். "அடிச்சுதா?" என்று அனார்குல் கேட்பாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டுவான். அவளுக்கு நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருக்கும். வெட்கத்தை விட நிம்மதிதான் கொஞ்சம் ஜாஸ்தி.

அந்தக் கோடையில் அவர்கள் மகள் பெகிமாய் நடக்க ஆரம்பித்தாள். தளை வெட்டும் விருந்து வைத்தாக வேண்டும். பிள்ளையின் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி, ஊர்ப் பிள்ளைகளை ஓடவிட்டு, முதலில் ஓடி வருகிற பிள்ளை கத்தியால் கயிற்றை வெட்டினால், நம் பிள்ளை வாழ்க்கையில் தடுக்கி விழாது என்பார்கள். வந்தவர்களுக்கு முன்னால் அப்பன் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும்.

அனார்குல் கண் வைத்திருந்தது ஒரு குதிரைக்குட்டி மேல். அந்த வசந்தத்தில் பிறந்த பெட்டைக்குட்டி. செந்நிறம், நெற்றியில் சுட்டி வைத்தாற்போல வெள்ளை. அதன் தாய், புள்ளிக் குதிரை. பட்டணத்து மகாராஜாவின் தளை வெட்டு அன்றைக்குப் போலோத் அவனுக்குக் கொடுத்தது அந்தப் புள்ளிக் குதிரையைத்தான். அதன் பிடரியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், குட்டிகளுக்கும் கட்டியிருக்கும். ஆனால் அந்தக் குதிரையைத் தினம் ஐந்தாறு முறை கறப்பது யார்? குட்டியை முதலில் ஊட்டவிட்டு, இழுத்துப் பிடித்து, முழங்காலில் வாளியை வைத்துக்கொண்டு இடுப்பொடியக் கறந்து, தோல்பையில் ஊற்றிக் கடைந்து புளிக்கவைப்பது யார்?

"அந்தச் சுட்டிக் குட்டிய நம்ம புள்ளைக்குக் குடுங்க" என்று கேட்டாள்.

"அது என்னோடது இல்லியே, குடுக்க."

"அந்தப் புள்ளைக்கு இது தங்கச்சி இல்லியா?"

"அண்ணன் குடுத்தா வாங்கிக்கட்டும்."

"எங்க இருக்கான் அண்ணன்? மேட்டுல காலுறைக்குள்ள இருக்கானா?"

போலோத் எழுந்து வெளியே போய்விட்டான். சுட்டிக் குட்டிக்குப் பதிலாகக் காது முழுசாக உள்ள நல்ல ஆடு ஒன்றைப் பெகிமாய்க்கு ஒதுக்கப்போவதாக மறுநாள் சொன்னான். ஆடு! மகனுக்குக் குதிரை, மகளுக்கு ஆடு.

விருந்தன்றைக்குப் பக்கத்துக் கூடாரங்களிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். ஓரகத்தி உல்கான் வந்து அடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுடைய மகள் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள், மூக்கு ஒழுகிய ஒரு வாண்டு ஜெயித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கயிற்றை அறுத்தது. பெகிமாய் இரண்டு அடி வைத்துவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் கிதிர் கையேந்தி வாழ்த்துச் சொல்லிவிட்டு, "சரி, பெத்தவங்க என்ன குடுக்கப்போறீங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டது பெத்தவங்க என்றுதான். அப்பன் என்று கேட்கவில்லை. அந்த ஒரு சொல் போதாதா? போலோத் வாயைத் திறப்பதற்குள் அனார்குல் உரக்கச் சொன்னாள்:

"சுட்டிக் குட்டிய! நெத்தியில வெள்ளை உள்ள செவப்புக் குதிரைக்குட்டிய எங்க மகளுக்குக் குடுக்குறோம்!"

"ஓமின்! அப்படியே ஆகட்டும்!" என்று பெரியவர் முகத்தை இரண்டு கையாலும் தடவினார். கூட்டம் முழுக்க முகத்தைத் தடவிக்கொண்டது. அவ்வளவுதான், முடிந்துபோயிற்று. வாழ்த்தோடு சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கினால் பிள்ளைக்கு ஆகாது. போலோத்தும் முகத்தைத் தடவினான். கை இறங்கியபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று அனார்குல் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

அடுப்படியில் உல்கான் அவள் காதோரம் வந்தாள். "ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு குடுத்துட்டியேடி. அந்தக் குட்டி கழுத்துல செவப்புத் துணி இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. அவுத்துட்டேன்."

"அடிப்பாவி" என்றாள் உல்கான், பாராட்டுகிற மாதிரி.

விருந்தாளிகள் எல்லோரும் போன பிறகு போலோத் அந்தச் சிவப்புத் துணியைத் தேடி எடுத்தான். தன் சாம்பல் குதிரையை அழைத்துவந்து, சேணத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். அதன் பிடரியில் துணியைக் கட்டினான்.

"என்ன பண்றீங்க?"

"குட்டி போச்சு. அவன் பங்கு குறையக் கூடாது."

"அது நீங்க ஏறுற குதிரை!"

"இனிமே அவனோடது."

அவர்களுக்கென்று இருந்தது அந்த ஒரு குதிரைதான். இன்னொன்றைப் போன குளிரில் வைக்கோலுக்காக விற்றிருந்தார்கள். புள்ளிக் குதிரையும் அதன் வளர்ந்த ஆண்குட்டியும் ஏற்கெனவே துரையுடையவை. ஆக, ஊரார் ஆட்டையெல்லாம் கூலிக்கு மேய்க்கிற மேய்ப்பன், மறுநாள் காலையில் தடியை எடுத்துக்கொண்டு நடந்து போனான்.

மலையில் ஒரு மனுஷன் நடந்து போவதைப் பார்த்தால் குதிரை செத்துப்போயிற்று என்று அர்த்தம், இல்லாவிட்டால் புத்தி கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். பிச்சைக்காரன்கூடக் கழுதை மேல் வருவான். "என்ன போலோத், குதிரைக்குக் கால் வலியா, ஒனக்குத் தலை வலியா?" என்று கேட்டார்கள். "குதிரைய நீ மேய்க்கிறியா, குதிரை ஒன்ன மேய்க்குதா?" என்று கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே போனான். பூட்ஸ் அடி பிய்ந்தது, கம்பியால் கட்டிக்கொண்டான். சாம்பல் குதிரை சேணம் இல்லாமல், முன்னங்காலில் தளை மாட்டி, மேட்டுப் பக்கம் நிம்மதியாக மேய்ந்து கொழுத்தது.

அனார்குல் கெஞ்சினாள், கத்தினாள், அழுதாள். "ஏறுங்களேன், அவன் என்ன பாக்கவா போறான்?" என்றாள்.

"அவன் பாக்கலேன்னுதான் ஏறல" என்றான் அவன்.

அவள் ஜெயித்தாள், குட்டி வந்தது. ஆனால் ஜெயித்தது எங்கே? குட்டியைக் கொடுத்துவிட்டுக் குதிரையையே வாங்கிக்கொண்டான் அந்தப் பையன், உட்கார்ந்த இடத்திலிருந்து, ஒரு சொல் பேசாமல். தினமும் புருஷன் கால் வீங்கி வருவதைப் பார்க்கும்போது, அந்த வீக்கத்துக்கும் அந்தப் பையன் மேல்தான் ஆத்திரம் வந்தது. இல்லாதவனோடு எப்படிப் போட்டி போடுவது? கூட இருப்பவன் சளி பிடித்து இருமுவான், அடம் பிடிப்பான், ஏதாவது ஒன்றை உடைப்பான், அப்பனிடம் அடி வாங்குவான். இல்லாதவன் ஒரு தப்பும் செய்ய மாட்டான். பெகிமாய் பால் சட்டியைக் கவிழ்த்தபோது போலோத் அதட்டினான். அன்றைக்கு அனார்குல் நினைத்தாள்: அவனை ஒரு நாளாவது அதட்டியிருப்பாரா?

கோடை முடிகிற சமயம், மலையிலிருந்து இறங்க நாள் குறித்தாயிற்று. ஒரு மதியம் பெகிமாயை உல்கானிடம் விட்டுவிட்டு, அனார்குல் மேட்டுப் பக்கம் காய்ந்த சாணம் பொறுக்கப் போனாள். கூடை பாதி நிறைந்திருக்கும். கம்பத்தில் காலுறை துடித்தது. போன் அடித்தது.

தெரியாத நம்பர். எடுத்தாள்.

"ஹலோ" என்றது ஒரு சின்னக் குரல். பேசுவதற்கு முன் தொண்டையை இரண்டு தரம் செருமியது. அந்தச் செருமல் அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் பக்கத்தில் படுத்திருந்து கேட்கிற செருமல். "போலோத்னு ஒருத்தர் இருக்காரா?"

"அப்படி யாரும் இல்ல. ராங் நம்பர்" என்றாள் அனார்குல். கட் பண்ணினாள்.

மேட்டில் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. அழைப்பு வந்ததற்கு அடையாளத்தை அழித்துவிட்டுப் போனைக் காலுறைக்குள் போட்டால், யாருக்குத் தெரியும்? வழக்கம்போல போலோத் ஏறி வருவான், பார்ப்பான், தலையை ஆட்டிக்கொண்டே இறங்குவான். அவள் விரல் அந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போதே போன் மறுபடி அடித்தது.

"அக்கா, வைக்காதீங்க. நான் சரியாத்தான் போட்டேன்." பட்டணத்துப் பேச்சு, நடுவில் ருஷ்யச் சொல் இரண்டு. ஆனால் பிடிவாதம் பட்டணத்தது இல்லை. "அம்மா போன்ல 'எடுக்காதே'ன்னு ஒரு பேர் போட்டிருக்கு. அந்த நம்பர்தான் இது. அம்மா கடைக்குப் போயிருக்கா, வர்றதுக்குள்ள பேசணும். அவர் இருக்காரா?"

"எதுக்கு?" என்றாள் அனார்குல்.

"ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

அந்தப் பக்கம் மறுபடி செருமல். பிறகு மடை திறந்த மாதிரி கொட்டியது. "யார் யாரோ அனுப்பி ஒரு வீடியோ வந்துச்சு அக்கா. அம்மா போன்ல. ஒரு பாப்பா நடக்குது. எல்லாரும் கை தட்டுறாங்க. அம்மா அதத் திரும்பத் திரும்பப் பாத்தா, நான் பின்னாடி நின்னு பாத்தேன். ஒரு அக்கா கத்துறாங்க, எங்க மகளுக்குக் குதிரை குடுக்குறோம்னு. அவர் அந்தப் பாப்பாவத் தூக்கி வச்சிருக்காரு. அந்தப் பாப்பாவுக்கு நடக்கவே தெரியல, பொத்துன்னு விழுது, அதுக்குப் போய்க் குதிரையா? நான் நல்லா நடப்பேன். சைக்கிள்கூட ஓட்டுவேன். எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே குடுக்கல? அதக் கேக்கத்தான் போன் பண்ணேன். எனக்கு அந்தப் பாப்பாவப் பிடிக்கல."

அனார்குல் சாணக்கூடை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் வயிற்றுக்குள் இத்தனை வருஷமாக எரிந்ததை வேறு யாரோ எடுத்துத் தன் காதிலேயே ஊதுகிற மாதிரி இருந்தது. அந்தக் கத்தின அக்கா நான்தான்டா என்று சொல்ல வாய் வரவில்லை.

"டேய்" என்றாள். "ஒனக்கா ஒண்ணும் குடுக்கல? அந்தக் குட்டியே ஒன்னோடதுதான்டா. ஒன்னோட குதிரை போட்ட குட்டி. ஒங்கிட்டேர்ந்துதான் அந்தப் பாப்பாவுக்குப் போச்சு. ஒனக்குக் குதிரை இருக்கு. ஆடு இருக்கு, மேட்டுலேர்ந்து பாத்தா காது பொளந்தது எல்லாம் ஒன்னோடது."

"பொய் சொல்றீங்க."

"ஒங்கப்பா மேல சத்தியமா."

"நெஜமாவே எனக்குக் குதிரை இருக்கா? என்ன கலர்?"

"சாம்பல். என் கண்ணு முன்னாடிதான் மேயுது. ஒங்கப்பா அதுல ஏற மாட்டேங்கிறாரு, ஒன்னோடதுன்னு. நடந்தே போறாரு. இப்பக்கூட அந்தா, பள்ளத்துல நடந்துட்டு இருக்காரு. கூப்ட்டா கேக்காது, ரொம்ப தூரம்." அவள் எழுந்துவிட்டாள். "ஒன் குதிரைய எடுத்துக்கவா? போய் அவரக் கூட்டிட்டு வரேன்."

செருமல். "எடுத்துக்கோங்க" என்றான் பையன், பெரிய மனுஷன் மாதிரி.

"வச்சுடாத. அம்மா வந்தா வச்சுட்டு, நாளைக்கு இதே நேரத்துக்குப் பண்ணு. இல்லேன்னா அப்படியே இரு."

போனைக் காலுறைக்குள் போட்டுவிட்டு ஓடினாள். குதிரைத் தளையின் முடிச்சு நனைந்து காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. அவிழ்க்க நேரம் இல்லை, இடுப்பில் செருகியிருந்த சாணம் கிளறும் கத்தியால் அறுத்தாள். சேணம் இல்லாத முதுகில் பிடரியைப் பிடித்துத் தாவி ஏறினாள். எட்டு முழப் பாவாடை காற்றில் கூடாரத் துணி மாதிரி அடித்துக்கொள்ள, சரிவில் இறங்கினாள். வாரக் கணக்கில் யாரும் ஏறாத குதிரை, கொழுத்துக் கிடந்தது, பறந்தது.

போலோத் ஆடுகளுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். "ஏங்க!" என்று கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. "பெகிமாய் அப்பா!" என்று கத்தினாள். அவன் திரும்பவில்லை. நடுவில் ஓடை இருந்தது, மழைக்குப் பிறகு பெருகி ஓடியது, குதிரை இறங்க மறுத்து முன்னங்காலை ஊன்றி நின்றது. மேலே பையன் காத்துக்கொண்டிருந்தான், அவன் அம்மா கடையிலிருந்து கிளம்பியிருப்பாள். அனார்குல் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள்.

"திலெக்!" என்று கத்தினாள். "திலெக்! திலெக்!"

போலோத் திரும்பினான். முதலில் குதிரையைப் பார்த்தான், அப்புறம் குதிரை மேல் இருந்தவளைப் பார்த்தான். அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்கிறோம் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் தடியைப் போட்டான், கம்பி கட்டிய பூட்ஸோடு ஓடையில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணியில் விழுந்து எழுந்து வந்து சேர்ந்தான்.

"போன்ல இருக்கான். ஏறுங்க."

அவன் குதிரையைப் பார்த்தான், சிவப்புத் துணியைப் பார்த்தான்.

"அட, கேட்டுட்டுத்தான் எடுத்தேன்!" என்று கத்தினாள் அவள். "எடுத்துக்கோங்கன்னான். ஏறித் தொலைங்களேன்!"

அவள் குதித்து இறங்கியதும் அவன் ஏறினான். குதிரை மேட்டை நோக்கிப் பாய்ந்தது. அனார்குல் பின்னால் நடந்தாள். ஏற்றம் செங்குத்து, பள்ளத்துப் பக்கமிருந்து அவள் நடந்து ஏறிப் பழகாதவள், மூச்சு வாங்கியது. இதைத்தான் தினமும் நடந்தாரா என்று நினைத்துக்கொண்டாள். பாதி வழியில் நிமிர்ந்து பார்த்தபோது, போலோத் கம்பத்தடியில் குந்தியிருந்தான், தொப்பி மடியில் இருந்தது, போன் காதில் இருந்தது. வைக்காமல் இருந்திருக்கிறான் பையன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய். வயிறு எரியத்தான் செய்தது. எரிந்துகொண்டே ஏறினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. போலோத் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். தாடியில் தண்ணீர் சொட்டியது. ஓடைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

"அவ வந்துட்டா. நாளைக்குப் பண்றேன்னான்" என்றான்.

"வேற என்ன சொன்னான்?"

"சாம்பல் குதிரை மேல பெகிமாய ஏத்தக் கூடாதாம். கண்டிப்பாச் சொல்லச் சொன்னான்."

அனார்குலுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆமா, எம் புள்ள இவன் குதிரைக்குத்தான் தவம் கெடக்குறாளாக்கும்? அவளுக்குத்தான் சுட்டிக் குட்டி இருக்கே!" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். அவளை மீறிச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"வயித்தெரிச்சல் புடிச்ச பய" என்றாள். "நம்ம வீட்டுப் புள்ளதான்."

முதல் தடவை போன் அடித்தபோது தான் கட் பண்ணியதை அவள் சொல்லவில்லை. நாளைக்குத் திலெக்கே சொல்லிவிடுவான், சொன்னால் சொல்லட்டும் என்று இருந்தது. போனைக் காலுறைக்குள் போட்டுக் கம்பத்தில் மாட்டினாள். சாணக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், போலோத் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, நனைந்த பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தம் போட, நடந்தே இறங்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இன்னும் என்ன? ஏறுங்களேன்!"

"வர்றதுக்கு மட்டுந்தானே கேட்ட" என்றான் அவன். "போறதுக்குக் கேக்க நான் மறந்துட்டேன். நாளைக்குக் கேக்குறேன்."